உள்ளே கேட்டுச் சொல்கிறவள்

அவளிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்பதற்கு முன் எங்காவது உட்கார்ந்துகொள்வது நல்லது. எல்லா ஊரிலும் அந்தக் கேள்விக்கு உரிய பதில் கேள்வி முடிவதற்குள் வந்துவிடும். பட்டினி கிடப்பவர்கூட 'ஆச்சு' என்றுதான் சொல்வார். அவள் மட்டும் கேள்வியை வாங்கிக்கொண்டு, பார்வையைத் தரைக்கு இறக்கி, உள்ளே இருக்கும் யாரிடமோ விசாரிப்பவள்போல நிற்பாள். விசாரணை முடிந்ததும், "சாப்பிட்டேன். ஆனா பசி போகல்ல. அப்போ அதைச் சாப்பாடுன்னு சொல்லலாமான்னு தெரியல்ல" என்பாள். கேட்டவர் இதற்குள் பாதி வராந்தாவைக் கடந்திருப்பார். நான் கடக்க முடியாது. சொற்போர் மேடையில் நான் அவளுடைய அணித்தோழன்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் இரண்டாண்டுகள் அவளுடன் மேடையேறினேன். எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை வகுப்பில் பதினொரு பேர் இருந்தோம். திருவனந்தபுரத்தில் தமிழ் இலக்கியம் படிக்க வருகிறவர்கள் ஆரியசாலைக் கடைக்காரர்களின் பிள்ளைகளாக இருப்பார்கள். அல்லது பாறசாலைப் பக்கத்து எல்லைக் கிராமங்களிலிருந்து வருவார்கள். அல்லது வேறெதிலும் இடம் கிடைக்காதவர்களாக இருப்பார்கள். எங்கள் குடும்பத்துக்கு ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்தக் கடை. நான் முதல் வகை என்று நான் சொல்வேன். மூன்றாம் வகை என்று அப்பா சொல்வார். அவள் எதிலும் அடங்கவில்லை. வித்துராவைத் தாண்டி மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், வீடு. தினமும் இரண்டு பேருந்து மாறி வருவாள். நல்ல மதிப்பெண் இருந்தது, வணிகவியலில் இடமும் கிடைத்தது, அதை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்திருந்தாள். ஏன் என்று பேராசிரியர் முதல் நாள் கேட்டபோது, நெடுநேரம் விசாரித்துவிட்டு, "தோணிச்சு சார்" என்றாள். மேற்கொண்டு விளக்கம் வரும் என்று பேராசிரியர் காத்திருந்தார். வரவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் என் எரிச்சல் விளங்கும். ஆறாம் வகுப்பு முதல் மேடைக்கென்றே பயிற்றப்பட்டவன் நான். குரலை எந்த இடத்தில் தாழ்த்தினால் கடைசி வரிசை முன்னால் சாயும், எந்தச் சொல்லுக்குப் பின் நிறுத்தினால் கைதட்டல் வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. சொற்போரில் எந்தப் பக்கம் பேசுவது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. போட்டி தொடங்கச் சற்று முன்பு அணித்தலைவர் போய்ச் சீட்டு எடுப்பார். 'ஒட்டி' என்று வந்தால் தலைப்பை ஆதரிக்க வேண்டும். 'வெட்டி' என்று வந்தால் மறுக்க வேண்டும். தேர்ந்த பேச்சாளனுக்கு இரண்டும் ஒன்றே. காலையில் மதுவிலக்கை ஆதரித்துப் பேசி, மாலையில் வேறொரு மேடையில் அதே வேட்டியோடு எதிர்த்துப் பேசி, இரண்டிலும் பரிசு வாங்கியிருக்கிறேன். அதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. இன்றும் அதைச் சொல்லும்போது சற்று நிமிர்ந்தே உட்காருகிறேன்.

இதை அவளுக்கு விளக்கிய முதல் நாளே தகராறு தொடங்கியது. பயிற்சிக்காக நான் கொடுத்த தலைப்பைப் பார்த்துவிட்டு, "எனக்கு இதை வெட்டிப் பேசத் தோணல்லையே" என்றாள்.

"தோணுறதும் தோணாததும் இதுல கிடையாது பிள்ள. சீட்டுல என்ன வருதோ அதுதான் நம்ம பக்கம்."

"நான் என்ன நினைக்கேன்னு சீட்டுக்கு எப்படிடா தெரியும்?"

"சீட்டுக்குத் தெரிய வேண்டாம். சீட்டு சொல்றதை நீ நினைச்சாப் போதும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை.

வேறொருத்தியைச் சேர்த்துக்கொள்ளவும் வழியில்லை. அணியின் இருவரில் ஒருவர் மாணவியாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வகுப்பின் மற்ற மூன்று பெண்களும் மைக்கைக் கண்டால் அழுதார்கள். அதோடு, ஒப்புக்கொள்ள மனமில்லாமலே ஒப்புக்கொள்கிறேன், கல்லூரித் தேர்வுச் சுற்றில் அவள் பேசியதை நான் கேட்டிருந்தேன். அவள் வீட்டுக்கு மேலேயுள்ள பொன்முடி மலைக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்தைப் பற்றிய தலைப்பு. கையை அசைக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. தன் அம்மா துணி துவைக்கும் ஓடையில் மேலிருந்து என்னென்ன மிதந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மணியடிக்க வேண்டிய பேராசிரியர் மணியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். தனக்குத் தோன்றியதை அவள் பேசினால் அப்படி இருக்கும். தோன்றாததைப் பேசினால் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் அணி சேர்ந்த முதலாண்டுப் பல்கலைக்கழகக் கலைவிழாவில் கண்டேன்.

சீட்டு எங்களுக்குப் பாதகமாக விழுந்தது. ஒருவருக்கு ஐந்து நிமிடம். அந்தப் பக்கத்தில் தனக்கு உடன்பாடான பகுதி எவ்வளவு உண்டோ அதை மட்டும் தேடிப் பிடித்து ஒன்றரை நிமிடம் பேசிவிட்டு, உட்கார்ந்துவிட்டாள். நடுவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள், நான்தான் மீதி மூன்றரை நிமிடத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பதைப்போல. போதாக்குறைக்கு, 'கற்றறிந்த நடுவர் பெருமக்களே' என்ற தொடக்க விளியையும் விட்டுவிட்டாள். அதற்கென்று தனியே மதிப்பெண் உண்டு.

"அதை ஏன் சொல்லல்ல?" என்றேன், படியிறங்கும்போது.

"அவங்க என்ன படிச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதே. உனக்குத் தெரியுமா?"

"அது மரியாதைக்குச் சொல்றது பிள்ள!"

"மரியாதைக்குத்தான் வணக்கம் சொன்னேனே."

மூன்று கல்லூரிகள் பங்கேற்ற அந்தப் போட்டியில் நாங்கள் மூன்றாமிடம் பெற்றோம்.

அவள் கலகக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. கலகக்காரியாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எதற்கும் எதிர்ப்பக்கம் போவாள் என்று கணித்து அதற்கேற்பத் திட்டமிட்டிருப்பேன். அவளுக்கு எதிர்ப்பதில் ருசியில்லை. ஊர் செய்வதை அவளும் பெரும்பாலும் செய்வாள், தாமதமாக. கன்செஷன் போராட்டம் இதற்குச் சரியான சான்று. தனியார் பேருந்துகளில் மாணவர்களின் கட்டணச் சலுகையைக் குறைக்கப் போகிறார்கள் என்று வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். கொடியோடு ஒரு கூட்டம் வகுப்பு வகுப்பாக வந்தது. எங்கள் வகுப்பில் பத்துப் பேரும் புத்தகத்தை மூடினோம். காரணம் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, வெளியே கான்டீன் இருந்தது. அவள் எழவில்லை.

"குட்டி இறங்கல்லையா? சமரம் அல்லே!" என்றான் கொடி பிடித்த தலைவன்.

"எதுக்குச் சமரம்?"

அவன் சொன்னான். முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்க ரூட்டுல பிரைவெட் பஸ்ஸே கிடையாது. அங்க இது எப்படி வரும்?" என்றாள். அவனுக்குத் தெரியவில்லை. "அப்போ கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று புத்தகத்தைத் திரும்ப விரித்தாள். அன்று பேராசிரியர் அவள் ஒருத்திக்காக ஒரு மணி நேரம் இலக்கணம் நடத்த நேர்ந்தது. அவரும் கான்டீனுக்குப் போக விரும்பியவர்தான்.

மூன்று நாளில் போராட்டம் முடிந்தது. அந்த மூன்று நாளும் அவள் வித்துரா நிலையத்தில் ஒவ்வொரு நடத்துநராகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். திங்கட்கிழமை எல்லோரும் வகுப்பில் இருந்தபோது, வாசல் மரத்தடியில் தனியே உட்கார்ந்திருந்தாள். 'உன் பார்ட்னர் அல்லே, போய் விளிச்சுக்கொண்டு வா' என்று என்னை அனுப்பினார்கள். நான் போவதற்குள் பேராசிரியரே பொறுமையிழந்து வந்துவிட்டார்.

"எடோ, சமரம் தீர்ந்தாச்சு! மூணு நாளாச்சு!"

"எனக்கு இன்னைக்குத்தான் சார் தொடங்கிச்சு. அவங்க கேட்டது நியாயம் தன்னே, விசாரிச்சுட்டேன்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். அவள் செய்தவற்றுக்கெல்லாம் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அன்று அவளுக்கு வருகைப் பதிவு போயிற்று. அதை அவள் சரியென்றே ஏற்றுக்கொண்டாள்.

இப்போதும் அப்படியேதான் இருக்கிறாளாம். கழக்கூட்டத்தில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் என் வகுப்புத் தோழன் சென்ற ஆண்டு அவளை நெடுஞ்சாலை நிறுத்தத்தில் பார்த்து, 'சுகந்தானே' என்று கேட்டிருக்கிறான். அவள் தரையைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். பதில் வருவதற்குள் அவனுடைய பேருந்து வந்துவிட்டது. ஏறிவிட்டானாம். ஏறியது தவறு என்று அவனிடம் சொன்னேன். ஏன் என்று எனக்கே சரியாக விளங்கவில்லை.

என் பேச்சுக்கு அவள் கைதட்டியதில்லை. பயிற்சியின்போது முழு மூச்சில் பேசி முடித்து நிற்பேன். அவள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். கருத்தைக் கேட்டால், "குரல் நல்லாட்டிருக்கு" என்பாள். ஒரே ஒரு முறை தட்டினாள். அன்று காய்ச்சல். பேச்சின் நடுவில் எனக்கு நூல் அறுந்துவிட்டது. அடுத்த வரி வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. "இதுக்கு மேல எனக்கு என்ன சொல்லன்னு தெரியல்ல" என்று உட்கார்ந்துவிட்டேன். வெறும் வகுப்பறையில் இரண்டு கைகளின் ஓசை. திரும்பிப் பார்த்தால் அவள். கேலியில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கேலியாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

இறுதியாண்டில் நிலைமை விளையாட்டாக இல்லை. சட்டம் படிப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். மேடை மேடையாக அலைந்ததில் துணைப்பாடத்தில் மதிப்பெண் சரிந்து, சட்டக் கல்லூரி இடத்துக்குச் சற்றே குறைந்தது. கலைவிழாவில் முதலிடம் பெற்றவர்களுக்குப் பல்கலைக்கழகம் கிரேஸ் மார்க் கொடுக்கும். அது சேர்ந்தால் இடம் உறுதி. சேராவிட்டால் ஜூன் மாதம் முதல் மிளகாய்க் கடை. அப்பா இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. கடையில் தம் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவைத்திருந்தார். அதைத் தாண்டாமல் எங்கள் வீட்டு மாடிக்கு ஏற முடியாது.

அவ்வாண்டுத் தலைப்பை முன்கூட்டியே அறிவித்தார்கள்: 'மனிதன் கேட்க வேண்டியது ஊரையல்ல, தன் மனத்தையே.' பக்கம் எது என்பது மட்டும் அன்றைய சீட்டில். இரண்டுக்கும் ஆயத்தமானேன். ஒட்டிப் பேசுவதற்காக நூலகத்தில் தேடியபோது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வளர்ந்த ஒரு சிந்தனை மரபு கிடைத்தது. ஆங்கிலத்தில் டிரான்ஸென்டென்டலிசம், எங்கள் பேராசிரியர் அதைக் 'கடந்தநிலைவாதம்' என்று தமிழாக்கித் தந்தார். மதபோதகர் வேலையை உதறியவர்கள், பள்ளி நடத்தித் தோற்றவர்கள், காட்டோரம் குடிசை போட்டுத் தங்கியவர்கள் எனச் சிலர் கூடி வளர்த்தது. உண்மையின் ஊற்று ஒவ்வொருவருக்கும் உள்ளேயே இருக்கிறது. சமூகம் நம்மிடம் எப்போதும் கேட்பது ஒரே மாதிரி இருப்பதைத்தான். அதைக் கொடுத்துவிட்டவன் தன்னைக் கொடுத்துவிட்டான். நேற்று நினைத்ததையே இன்றும் நினைக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. படிக்கப் படிக்க எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அவர்கள் அவளைத்தான் விவரித்திருக்கிறார்கள். ஆனால் அவளோடு அணி சேர்ந்து போட்டிக்குப் போக வேண்டிய நிலை அவர்களில் எவருக்கும் நேரவில்லை.

பன்னிரண்டு பக்கக் குறிப்பு எழுதி அவளிடம் நீட்டினேன். ஒரு வாரம் கழித்து வந்தாள்.

"நல்லாட்டு எழுதியிருக்க. ஒண்ணு மட்டும் இடிக்குது."

"என்னது?"

"யாரு சொன்னாலும் ஏத்துக்காத, உன் மனசைக் கேளுன்னு இவங்க சொல்றாங்க. அதை இவங்க சொன்னாங்கன்னு நாம மேடையில போய்ச் சொல்லப் போறோம். பின்னே, கேக்கிறவங்க இவங்களை ஏத்துக்கணுமா, வேண்டாமா?"

"நடுவர் அவ்வளவு தூரம் யோசிக்க மாட்டாரு."

"அப்போ நல்லது" என்றாள். அது ஏளனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கலைவிழா நாளன்று சீட்டைப் பிரித்தால் 'ஒட்டி'. வராந்தா நெடுக ஓடினேன். இரண்டாண்டுகளில் முதன்முறையாக அவள் நினைப்பதும் சீட்டு சொல்வதும் ஒன்றாயிருந்தன. "பிள்ள, இன்னைக்கு உனக்கு என்ன தோணுதோ அதைப் பேசு!" என்று கத்தினேன். எவ்வளவு பெரிய தவறு என்று அப்போது தெரியவில்லை.

தமிழ்ச் சொற்போருக்குக் கேரளத்தில் கூட்டம் சேராது. முன்வரிசையில் ஆரியசாலை வியாபாரிகள் சிலர். பின்னால் எங்களுக்கு அடுத்து 'ஒப்பனை' என்ற மாப்பிளைக் குழு நடனம் ஆட வேண்டிய பெண்கள், கழுத்து நிறைய மணிமாலையும் முகம் நிறையச் சாயமுமாக, எப்போது முடிப்போம் என்று காத்திருந்தார்கள். அவ்வாண்டு ஓர் அணி வரவில்லை. ஆகவே இரண்டே அணிகள். முதலில் நான் பேசினேன். என்னைப் பொறுத்தவரை குறைவில்லை. கைதட்டலும் வேண்டிய இடங்களில் வந்தது.

பிறகு எதிரணியின் முதல் பேச்சாளன். நெய்யாற்றின்கரைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். ஆலயத்தில் வேதம் வாசித்துப் பழகிய குரல். குறிப்புத் தாளைப் பாதியில் மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்: "எங்கள் அப்பா தென்னையிலிருந்து விழுந்தார். சத்தம் கேட்டு எட்டு வீட்டிலிருந்தும் ஓடிவந்தார்கள். கட்டிலோடு தூக்கிச் சாலை வரைக்கும் சுமந்தார்கள். நடுவர் அவர்களே, அந்த எட்டுப் பேரில் ஒருவராவது தம் மனத்தைக் கேட்டிருந்தால் தூக்கியிருக்க மாட்டார். ஏனென்றால் எங்கள் அப்பாவை யாருக்கும் பிடிக்காது. எட்டு வீட்டோடும் வரப்புத் தகராறு. விழுந்தவரைத் தூக்குவது ஊர் வழக்கம், அதனால் தூக்கினார்கள். அப்பா இப்போது நடக்கிறார்."

நல்ல அடிதான். ஆனால் தடுக்கக்கூடிய அடி. எப்படித் தடுப்பது என்று சிறு தாளில் எழுதி அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை இன்னும் நெருக்கித் தள்ளினேன்.

எழுந்து மைக்குக்குப் போனாள். அங்கும் சற்று நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். வேற பேச எழுதிட்டு வந்தேன். ஆனா அந்தப் பையன் சொன்னது சரின்னு எனக்கு இப்போ தோணுது. போன மழைக்காலத்துல எங்க லயத்துல ஒரு அக்காவுக்கு ஏழாம் மாசத்துலயே வலி வந்துச்சு. ஜீப்புல கூட வர ஆள் வேணும்னு கூப்பிட்டாங்க. எனக்கும் அந்த அக்காவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போகணும்னு எனக்குத் தோணுதான்னு பாத்துட்டு வாசல்ல நின்னேன். பாத்து முடிக்கதுக்குள்ள ஜீப்பு போயிட்டு. அக்கா திரும்பி வந்தாங்க, குழந்தை வரல்ல. நீ போயிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அது சரியாட்டு இருக்கலாம். ஆனா அன்னைக்கு ஜீப்புல ஏறின யாரும் மனசைக் கேட்டுட்டு ஏறல்ல. நான் ஒருத்திதான் கேட்டேன். அவ்வளவுதான்."

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் எங்களை மறுப்பதற்காக எழுந்து, மறுப்பதற்கு எதுவும் இல்லாததால் நன்றி கூறி அமர்ந்தார். தொகுப்புரைக்கு என்னை அழைத்தார்கள். மூன்று நிமிடம்.

மேடையில் வளர்ந்தவனுக்கு அத்தகைய நேரத்தில் நாக்கு மட்டுமே வேலை செய்யும். "கற்றறிந்த நடுவர் பெருமக்களே! எங்கள் அணியின் இரண்டாவது பேச்சாளர் சற்றுமுன் செய்தது தோல்வி என்று எண்ணினீர்களா? சீட்டு சொன்னதை அவர் பேசவில்லை. அணித்தலைவன் எழுதிக் கொடுத்ததைப் பேசவில்லை. இந்த அவை எதிர்பார்த்ததையும் பேசவில்லை. தன் மனத்தைக் கேட்டார், அது சொன்னதைச் சொன்னார். மனிதன் கேட்க வேண்டியது தன் மனத்தையே என்பதற்கு இதைவிடச் சான்று ஏது? இது நாங்கள் இருவரும் திட்டமிட்டு உங்கள் கண்முன் நிகழ்த்திய செய்முறை விளக்கம்!"

ஒப்பனைப் பெண்கள்கூடத் தட்டினார்கள். முதலிடம் எங்களுக்கு. நடுவர் ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மேடைக்குப் பின்னால், "ஜெயிச்சுட்டோம் பிள்ள!" என்று அவளிடம் போனேன்.

அவள் இம்முறை தரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அந்தக் குழந்தையும் செய்முறை விளக்கமாடா?"

ஒப்பனைப் பாட்டு தொடங்கிவிட்டது. பதில் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

கிரேஸ் மார்க்குக்கு ஒரு விண்ணப்பப் பாரம் உண்டு. அணிப் போட்டிகளுக்கு ஒரே பாரம். இருவரும் கையெழுத்திட வேண்டும். அதன் அடியில் ஆங்கிலத்தில் ஓர் உறுதிமொழி அச்சிட்டிருந்தார்கள்: கொடுக்கப்பட்ட பக்கத்தை ஆதரித்து நாங்கள் இருவரும் வாதிட்டோம். உலகத்தில் எவரும் படிக்காத வரி அது. அவள் படித்தாள்.

"நான் ஆதரிக்கல்லையே" என்றாள்.

பேராசிரியர் அழைத்து, கையெழுத்தையும் என் எதிர்காலத்தையும் பற்றி மலையாளத்தில் பேசினார். "எடோ, ஒரு ஒப்பு. அத்தரையே உள்ளூ. இவனோட பாவி போகும்."

"பொய்யில்லையா சார்?"

"பொய்யில்ல எடோ, பாரம்!"

ஒரு வாரம் போயிற்று. கடைசித் தேதிக்கு முந்தைய நாள் வித்துராவுக்கே போனேன். பேருந்து நிலையத்தில் அவள் இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அங்கே நான் பேசியதைப்போல எந்த மேடையிலும் பேசியதில்லை. நட்பைச் சொன்னேன், நியாயத்தைச் சொன்னேன், அப்பா துடைத்து வைத்த நாற்காலியைச் சொன்னேன், சொல்லும்போது குரல் உடைந்தது. நான் உடைக்கவில்லை, தானாக உடைந்தது. எலுமிச்சை விற்றுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, "மோனே, எந்தப் பார்ட்டி?" என்று கேட்டார். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

அவள் முழுவதையும் கேட்டாள். "நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்குத்தான் கடைசித் தேதி!"

"தெரியும்" என்று மலைக்குப் போகும் வண்டியில் ஏறிக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் அவளை நான் மனத்தில் திட்டிய சொற்களை இங்கே எழுத முடியாது. ஒரு மனிதனின் எதிர்காலம் அச்சடித்த ஒரு வரியில் தொங்குகிறது. அந்த வரியை எவரும் பார்க்கப் போவதில்லை. இவளுக்கு மட்டும் கண் எதற்கு?

மறுநாள் காலை முதல் பல்கலைக்கழக அலுவலகத்தின் சன்னல் முன் நின்றேன். நாலரை மணிக்கு உள்ளேயிருந்த குமாஸ்தா, "அஞ்சு மணிக்கு அடைக்கும் கேட்டோ" என்றார். அவரே என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "மற்றே ஒப்பு நீ தன்னே போட்டால் யாரு அறியப் போறா?" என்றார். பேனாவைத் திறந்தேன் என்பதை மறைக்கவில்லை. மூடியதற்குக் காரணம் நற்குணம் அல்ல. அவளுடைய கையெழுத்து எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாலே முக்காலுக்கு வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். கையை நீட்டினாள். பாரத்தையும் பேனாவையும் கொடுத்தேன். சுவரில் தாளை வைத்தாள். வழக்கமான அந்த நிற்றல் இல்லை, விசாரணை இல்லை. கை நேராகக் கையெழுத்திடும் இடத்துக்குப் போயிற்று.

ஒரு வாரமாக அந்தக் கையைத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது வேறு. "பிள்ள, ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடு."

"வேண்டாம்டா" என்றாள். "படிச்சா போட மாட்டேன். நீ கூப்பிட்ட, வந்தேன். இந்தத் தடவை பாத்துட்டு நிக்கக் கூடாதுன்னு நேத்து ராத்திரியே நினைச்சுட்டேன்."

போட்டுவிட்டாள். சிறிய, நேரான எழுத்து. ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று தாளை என் கையில் வைத்துவிட்டு மழைக்குள் நடந்தாள். பொய் என்று அவள் கருதிய ஒரே வரியின் கீழே அவள் பெயர் இருந்தது. ஈரம் பட்டு முதல் எழுத்து சற்றே கலைந்திருந்தது. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். படிக்கட்டுத்தான் தூரம்.

"எடோ, தரணுண்டோ?" என்றார் குமாஸ்தா, சன்னல் கதவில் கைவைத்து.

தாளைச் சன்னலுக்குள் நீட்டினேன்.